எஞ்சின் அணைந்த பிறகு ஏறி இறங்கிய எண்

இதில் எல்லாம் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று எனக்கே ஐயம் வருகிறது. மழை முதலில் வந்ததா, எண் முதலில் அசைந்ததா என்பதில் குழப்பம் உண்டு. ஆனால் நடந்தது உண்மை. கதை கட்டிச் சொல்லும் திறமை எனக்கு இல்லை.

என் மனைவி மோகனப்பிரியாவுக்கு நான் இரண்டாவது கணவன். முதல் கணவர் சுரேந்தர் நுரையீரல் கெட்டு இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் வீட்டுக்கு வந்தபோது அவள் கொண்டு வந்தது ஒரு பெட்டி துணியும் அவருடைய காரும்தான். அதிகம் பேசமாட்டாள். எனக்கும் பேச்சில்லாத நேரம் பிடிக்கும். சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் மாலை முழுவதும் ஒரு சொல் இல்லாமல் உட்கார்ந்திருப்போம். அந்த அமைதி எங்கள் இருவருடையது என்று நம்பியிருந்தேன். ஆனால் இரவில் என் பக்கத்தில் விடியும் வரை புரள்பவள், அந்தக் காரில் ஏறினால் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுவாள்.

கார் மேடு ஏறும்போது திணறியது. சுரேந்தர் எஞ்சினின் காற்றுக்குழாயை மாற்றிப் பெரிதாகப் போட்டிருந்தார். குழாய் மாறினால் காற்றளவு சென்சாரின் கணக்கும் மாற வேண்டும். சென்சாருக்குள் சூடான மெல்லிய கம்பி ஒன்று உண்டு. எஞ்சின் இழுக்கும் காற்று அதைக் குளிர்விக்கும். அதை வைத்துக் காற்றை அளந்து, காரின் கணினி அதற்கேற்ற பெட்ரோலை விடும். அளவு தவறினால் கணினியே பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தம் எத்தனை சதவீதம் என்று மடிக்கணினியில் பார்த்து, சென்சாரின் அட்டவணையை அதே அளவுக்கு மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சுரேந்தர் அதை ஞாயிறுதோறும் செய்தாராம். அவர் ஓட்ட, இவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசிப்பாளாம்.

“எனக்கும் வாசியேன்” என்றேன்.

“நீங்களே பாத்துக்குங்க.”

“அவருக்கு மட்டுந்தான் வாசிப்பியா?”

“அவர் செட் பண்ணது நல்லாத்தான் இருக்கு. விட்டுடுங்க லா.”

தனியாக ஓட்டிப் பார்த்தேன். திருத்தம் கூட்டல் ஒன்பது. இறந்தவரின் கணக்கு தவறு. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அட்டவணையை ஒன்பது சதவீதம் உயர்த்தினேன். மறுநாள் ஓட்டினேன். மீண்டும் கூட்டல் ஒன்பது. இன்னொரு முறை உயர்த்தினேன். அதே ஒன்பது.

பிறகு அவளை ஏற்றிக்கொண்டு போனேன். பூஜ்யம். பக்கத்து இருக்கையில் இருப்பது யார் என்று எஞ்சினுக்குத் தெரியாது. ஆனாலும் பூஜ்யம்.

அந்த ஞாயிறு தேக்கா சந்தையில் மீன் வாங்கினோம். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி நான் பைகளை வைப்பதற்குள் அவள் இருக்கையில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வெளியே மழை. பிற்பகல் 2.40. எஞ்சினைக் கிளப்பவில்லை. மடிக்கணினிக்காகச் சாவியை மட்டும் ஒரு படி திருப்பினேன். எஞ்சின் ஓடாதபோது காற்று நகராது. திரையில் காற்றளவு எண் அசையக் கூடாது.

அசைந்தது.

மெல்ல ஏறியது... இறங்கியது. ஏறியது... இறங்கியது.

அவள் மார்பைப் பார்த்தேன். அதே வேகம். அவள் மூச்சை விட்டபோது எண் ஏறியது. இழுத்தபோது இறங்கியது. அவள் விட்டதை அது வாங்கியது... அது விட்டதை அவள் வாங்கினாள்.

என் பக்கத்தில் ஒருநாளும் அவள் அப்படி உறங்கியதில்லை.

இறங்கினேன். பானெட்டைத் திறந்தேன். சென்சாரின் ஒயர் முனையைப் பிடுங்கினேன்.

டக்.

சுற்றி வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். திரையில் எண் நின்றிருந்தது.

அவள் மார்பும்...

உதடு நீலம்.

ஓடினேன். விரலில் முனை நழுவியது... செருகினேன்.

டக்.

உள்ளேயிருந்து நீளமாக ஒரு மூச்சு கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

“அவர ஏங்க கழட்டுனீங்க?”

மறுநாள் ஜாலான் புசார் பக்கம் பட்டறை வைத்திருக்கும் சேவியரிடம் போனோம். புதுச் சென்சார் போடச் சொன்னேன். பழையதை அவர் கழற்றும்போது நான் பிரியாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தாள். விழித்திருந்ததாலோ என்னவோ, நன்றாகத்தான் மூச்சு விட்டாள்.

சேவியர் சென்சாரை விளக்குக்கு நேரே பிடித்தார்.

“அண்ணே, உள்ள கம்பி அறுந்து கெடக்கு.”

“நேத்து வேலை செஞ்சுதே.”

“அறுந்த எடத்துல கரி ஏறி மூடியிருக்கு, பாருங்க. மூணு நாலு வருசம் இருக்கும். இது எதையுமே அளந்திருக்காது. நீங்க எத பாத்து டியூன் பண்ணீங்க?”

பிரியா உள்ளே வந்து கையை நீட்டினாள். சேவியர் சென்சாரைக் கொடுத்தார். அதைக் கைக்குட்டையில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

புதுச் சென்சாருக்கு முதலிலிருந்து அட்டவணை போட்டேன். யார் ஏறினாலும் திருத்தம் பூஜ்யம்தான். சேவியர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கார் என்னிடம் இருக்கிறது. நான் ஈசூனில் இருக்கிறேன். பிரியா போன மாதம் அந்தக் கைக்குட்டைப் பொதியோடு செங்காங்கில் ஓர் அறை எடுத்துப் போய்விட்டாள். இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறதாம். அவர்கள் இருவரும் நலமாக இருக்கிறார்கள்.