தர்சினி எந்த டஃப்?

இன்று பின்னேரம் சாவகச்சேரியிலிருந்து சின்னம்மா அழாத குறையாக அழைத்தார். "நீ இங்கிலீஷ் படிப்பிக்கிறனியெல்லே, உடனை வா."

போனால் வீடே செத்த வீடு மாதிரி இருந்தது.

அவருடைய மகள் தர்சினிக்கு லண்டனில் ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள். நேற்று வீடியோவில் அவள் மாப்பிள்ளையைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறாள். இன்று அவர் அனுப்பியது ஒரே வரி: "யூ ஆர் வெரி டஃப்."

"என்ரை பிள்ளையை மொத்தம், குண்டு எண்டு சொல்லுறானோ?" என்றார் சின்னம்மா.

"இல்லை, சின்னம்மா. உறுதியான ஆள் எண்டும் வரும், சமாளிக்கக் கஷ்டமான ஆள் எண்டும் வரும்."

வெளிநாட்டில் சமையல் வேலை செய்து திரும்பிய சித்தப்பா சும்மா இருக்கவில்லை. "அவியாத இறைச்சிக்கும் உந்தச் சொல்லைத்தான் சொல்லுறவை."

சின்னம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

தர்சினி மட்டும் பதறவில்லை. "ஓம், நான் டஃப்தான். அதுக்கு இப்ப என்ன?" என்று மாப்பிள்ளைக்கு எழுதி அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது, இந்த முறை தமிழில். "நல்லது. என்ரை அம்மாவும் டஃப். அவவோடை நிண்டுபிடிக்க உங்களை மாதிரி ஒராள்தான் வேணும். எனக்குச் சம்மதம்."

தர்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "எனக்கும்" என்று அனுப்பினாள்.

கலியாணம் சரி. ஆனால் சின்னம்மா என் கையை விடவில்லை. "பிள்ளை, மாமியாரை டஃப் எண்டு சொன்னால் அது நல்ல கருத்துத்தானே?"

மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நான் என்ன சொல்ல?