டிரம்முக்குள் பூத்த கனிமம்

அக்காவுக்கு வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பார்த்த டாக்டர்கள் எல்லோரும் வாயு என்றார்கள். பட்டாசுக் கம்பெனி வேனைப் பிடிக்கிற அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் ஓடுவதால் வந்த அல்சர் என்றார் ஒருவர். மாத்திரையும் டானிக்கும் மாறிக்கொண்டே இருந்தன. அவள் முகம் நாளுக்கு நாள் வெளுத்தது. சோற்றுப் பானையை இறக்கும்போது மணிக்கட்டு நிற்காமல் தொங்கியது. வயதாகிறது என்று அவளே சொல்லிக்கொண்டாள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

நான் படித்தது நிலவியல். விருதுநகர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் லேபில் வேலை. சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, அமிலம் விட்டு, நுரைக்கிறதைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆமத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாத தெரு அது. கொல்லையில் இடுப்பளவு இரும்பு டிரம்மில் பிடித்து வைத்திருப்பார்கள். குடிக்கவும் சமையலுக்கும் அதுதான். கை கழுவ மூடியைத் திறந்தேன். உள்ளே சுவரெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு பூச்சு. விளிம்புக்குக் கீழே, தண்ணீர் எட்டாத இடத்தில், வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். மெல்லிய செதில்களாக உதிர்ந்து, முத்துப் போல மினுங்கியது. தண்ணீர் உப்பு படிந்தால் இப்படி மினுங்காது.

சிவப்பாக இருப்பது என்ன என்று மச்சானிடம் கேட்டேன். அவரும் அக்கா வேலை பார்க்கும் கம்பெனியில்தான் லோடு ஏற்றுகிறார். வெடிமருந்து காலியான டிரம்களை அங்கே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவார்களாம்.

"ரெட் ஆக்சைடு பெயிண்டு. துருப் பிடிக்காம இருக்க அவுகளே அடிச்சு அனுப்புவாக," என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

மறுநாள் லேபில், காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருந்த செதில்களின் மேல் நைட்ரிக் அமிலம் விட்டேன். சுண்ணாம்புக்கல் போலவே நுரைத்துக் கரைந்தது. கார்பனேட். கரைசலில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்ததும் மஞ்சளைக் கரைத்தது போல ஆனது. சுண்ணாம்பு அப்படி ஆகாது. ஈயம்தான் ஆகும். உடனே அக்காவுக்குப் போன் போட்டு அந்தத் தண்ணீரைத் தொடாதே என்றேன். ஏன் என்று கேட்டாள். நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சிவப்பு பெயிண்டு இல்லை; டிரம்மில் ஒட்டி மிஞ்சிய மருந்து, செந்தூரம் என்கிற ஈய ஆக்சைடு. ஈரமும் காற்றும் பட்டு அதுவே வெள்ளைச் செதிலாகப் படிந்திருந்தது. வானத்தில் போய்ப் படபடவென்று பொரியும் வெடிகளுக்குச் செந்தூரம் போடுவார்கள். பட்டாசில் ஈயம் கூடாது என்று தடையே இருக்கிறது. தடை காகிதத்தில் இருந்தது, டிரம் எங்கள் கொல்லையில் இருந்தது.

அக்காவை மதுரைக்கு அழைத்துப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியருக்குக் கொஞ்சம் செதிலை அனுப்பினேன். எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பிளம்போனாக்ரைட் என்றார். ஈயக் கார்பனேட்டுகளிலேயே அபூர்வமானது, ஸ்காட்லாந்தில் ஒரு பழைய ஈயச் சுரங்கத்தில் முதலில் கண்டது, உலகத்தில் கிடைத்த இடங்கள் மிகச் சில, அறுகோணத் தகடுகள், எடுத்து வைத்தால் காற்றை வாங்கி வேறு கார்பனேட்டாக மாறிவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னார். கட்டுரை எழுதலாம், என் பெயரையும் சேர்க்கலாம் என்றார்.

"எந்தக் குவாரிம்மா?"

"குவாரி இல்ல சார். எங்க அக்கா வீட்டுத் தண்ணி டிரம்."

"அப்படின்னா இது கனிமமே இல்லம்மா. மனுஷன் செஞ்ச பொருள்ல உண்டானதைக் கணக்குல எடுத்துக்க முடியாது," என்றார். அந்தத் தண்ணீரை யார் குடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நல்லபடியாக இரும்மா என்று வைத்துவிட்டார். அவருக்கு வேண்டிய அபூர்வம் போய்விட்டது. என் அக்காவின் ரத்தத்தில் கலந்தது எந்தக் கணக்கில் வரும்? போனைச் சுவரில் எறியாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கமாக இருந்தது. மதுரை டாக்டர் அக்காவின் உதட்டைத் தூக்கி ஈறின் ஓரத்தில் ஓடிய நீலக் கோட்டைக் காட்டினார். இதுவரை பார்த்த ஒருவராவது வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

கம்பெனிக்குப் போனேன். அந்த டிரம் தங்களுடையதே இல்லை என்றார் மேனேஜர். புகார் கொடுத்தேன். அதிகாரிகள் வந்தார்கள். அதற்குள் ஷெட் கழுவி விடப்பட்டிருந்தது. டீ குடித்துவிட்டுப் போனார்கள். கம்பெனி அக்காவையும் மச்சானையும் வேலையைவிட்டு நிறுத்தியது.

அக்கா என் மேல்தான் பாய்ந்தாள். "ஏ புள்ள, சீசன் நேரத்துல ரெண்டு பேரு வேலையிலயும் மண்ணப் போட்டுட்டியே. வலியத் தாங்கிக்கிருவேன், வீட்டுல சும்மா எப்பிடி இருக்க?"

"தாங்கித் தாங்கித்தான்க்கா கையி தொங்கிப்போச்சு," என்றேன். இருவரும் அழுதோம். அழுததிலும் எனக்குக் கோபம் தணியவில்லை.

அந்தத் தெருவில் இன்னும் பல வீடுகளில் அதே டிரம். வாசல் வாசலாக ஏறிச் சொன்னேன். அக்காவும் கூடவே வந்து தன் ஈறைக் காட்டினாள். அதைப் பார்த்த பெண்கள் அன்றே தண்ணீரைக் கொட்டினார்கள். கடைசி வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார்.

"நாங்க எம்புட்டு நாளாக் குடிக்கோம், ஒண்ணும் ஆகலையே. உங்க அக்காளுக்கு வாயுதான். டாக்டரே சொன்னாரு."

அவர் வீட்டு வாசலிலேயே இருந்த டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தேன். தண்ணீர் அவர் காலை நனைத்துக்கொண்டு தெருவில் ஓடியது. வாய்க்கு வந்தபடி ஏசினார். நின்று கேட்டுக்கொண்டேன், மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் மனைவி வந்து, காலி டிரம்மை உருட்டி வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

அக்கா இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டைரிக்கு அட்டை ஒட்டுகிறாள். வயிற்று வலி போய்விட்டது. வலது மணிக்கட்டு இன்னும் முழுதாக நிமிரவில்லை.