கஸ்தூரி ஐஸ் போட்ட சால்மன்

இந்த வாரம் தேதி போடாமல் எழுதுகிறேன்.

பழைய வாசகர்கள் நெற்றியைச் சுருக்குவீர்கள் என்று தெரியும். தெருமுனை டீக்கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை மாட்டினால்கூட, கிழமை, திதி, அன்றைக்கு வெயிலா மேகமா என்பது வரை எழுதி வைக்கிற ஆள் நான். ஆனால் தேவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் — "அங்கிள், அன்னிக்கு ஓட்டல் மேனேஜர் லீவு. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. நீங்க தேதி போட்டீங்க, அவ்வளவுதான்."

ஆகவே, ஒரு செவ்வாய்க்கிழமை. மீன்பிடித் தடைக்காலத்தின் நடுவில் எங்கோ ஒரு செவ்வாய்க்கிழமை. போதுமா? எனக்குப் போதவில்லை. பொறுத்துக்கொள்கிறேன்.

தேவி எங்கள் எதிர்வீட்டுக் கஸ்தூரியின் ஒரே மகள். கஸ்தூரி, காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து மொத்தமாக விற்பவள். பெரிய போட்டுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத கஸ்தூரி... எப்படிச் சொல்வது? போன மாதம் எங்கள் தெருவுக்கு வந்த தக்காளி வண்டிக்காரரிடம், போட்டிக்கு வேறு ஆளே இல்லாத இடத்தில், தானே விலையைக் கேட்டுத் தானே ஏற்றிக்கொண்டிருந்தாள். வண்டிக்காரர் பயந்துபோய் அவள் முதலில் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த நேரம் பார்த்துத்தான் தேவி தன் காதலைச் சொன்னாள்.

பையன் பெயர் கார்த்தி. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. நல்ல பையன், நல்ல வேலை. பிறகென்ன பிரச்சினை? சுத்த சைவக் குடும்பம். அதுகூடப் பரவாயில்லை. கேட்டரிங் படித்துவிட்டு, தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் — பிரெஞ்சுச் சமையலையும் ஜப்பானியச் சமையலையும் கலந்து பரிமாறுகிற இடம் — சுஷி செய்கிறான். வினிகர் கலந்த சோற்றை விரல் நீளத்துக்குப் பிடித்து, மேலே ஒரு மீன் துண்டை வைத்துத் தருவது சுஷி. மீன் பெரும்பாலும் வேகாத பச்சை மீன்.

பையனின் பெற்றோர் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறீர்களா? மகன் மீன் வெட்டுகிறான் என்று தெரிந்த அன்றே அவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். மருமகளுக்காக அழ அவர்களிடம் கண்ணீர் மிச்சமில்லை.

கஸ்தூரிதான் மசியவில்லை.

"ணா, நீயே சொல்லு. அவன் வூட்ல மீனு வாசனையே பட்டதில்ல. மீனுக்கு முள்ளு எங்க கீதுன்னு அவனுக்கு இன்னா தெரியும்? அத்தொட்டுத்தான் வேக வெக்காம குடுக்கறான். வேக வெச்சா குட்டு வெளிய வந்துடும்ல?"

யோசித்தால் இதில் ஒரு நியாயம் இருப்பது போலவே இருந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தாள். கார்த்தி தன் கையால் செய்து தருவதை ஒரு வேளை சாப்பிட்டுப் பார்ப்பாள். "தொண்டைல எறங்கிச்சின்னா மேல பேசலாம். எறங்கலன்னா இத்தோட வுட்டுடணும். அப்பால அழக்கூடாது." தேவி சிரித்துக்கொண்டே சரி என்றாள். துப்பட்டா நுனி மட்டும் அவள் விரல்களுக்குள் கயிறாக முறுகிக்கொண்டிருந்தது.

இதில் நான் எதற்கு? "நீ நாலு புக்கு படிச்ச ஆளு. அவன் இன்னா குடுக்கறான், இன்னாத்துக்குக் குடுக்கறான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வோணும்ல."

ஆகா... படித்ததற்காக எனக்குக் கிடைத்த முதல் விருந்து. விடுவேனா? ராத்திரி பகலாக சுஷியின் வரலாற்றையும் பிரெஞ்சு சாஸ்களின் வரலாற்றையும் புரட்டினேன். மீன் கெடாமலிருக்கச் சோற்றுக்குள் புதைத்துப் புளிக்க விட்டதுதான் சுஷியின் தொடக்கம். அந்தக் காலத்தில் மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம். மெட்ரோவில் ஏறி உட்கார்ந்ததும் இதைக் கஸ்தூரியிடம் சொன்னேன்.

"சோத்தத் தூக்கிப் போட்டாங்களா? கலீஜு பசங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வரலாற்று உரை அத்துடன் முடிந்தது. வண்டி இன்னும் சுரங்கத்துக்குள்கூட இறங்கவில்லை.

ஓட்டலுக்குள் ஒரே இருட்டு.

"கரண்டு போய்ட்ச்சா?"

"இல்லம்மா, அதுதான் ஸ்டைல்" என்றாள் தேவி.

பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாகக் கஸ்தூரி உள்ளே நடந்தபோது, அந்த இருட்டிலும் எல்லாத் தலையும் திரும்பியது. ஒரு பெண் வந்து, சுருட்டிய சுடுதுண்டுகளை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். நான் விரல் நுனியைத் துடைத்தேன். கஸ்தூரி முகம், கழுத்து, முழங்கை வரை ஒத்தி எடுத்துவிட்டு, "சோக்கா கீது" என்றாள். முதல் நல்ல வார்த்தை. தேவி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

நீளமான மர கவுன்டர். இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் வரிசையாக. அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டில் கார்த்தி.

"குட் ஈவ்னிங், மேம்."

"இன்னாடி இவன், யாரோ மாதிரி பேசறான்?"

"ரூல்ஸும்மா. டூட்டில சொந்தக்காரங்களோட பேசக்கூடாது."

"சொந்தக்காரன்னு நீயே முடிவு பண்ட்டியா?"

கார்த்தி குனிந்து கத்தியைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்த கத்தி.

முதலில் உள்ளங்கை அளவு கிண்ணத்தில் வெங்காய சூப். பிரெஞ்சுக்காரர்களின் சூப், ஜப்பானியர்களின் சோயா விழுது கலந்தது. கஸ்தூரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு உதட்டை நக்கினாள். அடுத்து ஒரு சிட்டிகை பச்சை விழுது வந்தது. வசாபி. அதைச் சட்னி என்று நினைத்து அவள் அள்ளிப் போட்டுக்கொண்ட கதையை எதிர்பார்க்கிறீர்களா? நடக்கவில்லை. முகர்ந்து பார்த்தாள், "கடுகு மாரி கீது" என்று ஓரமாகத் தள்ளினாள்.

பிறகு வந்தது சுஷி.

மீனின் மேல் பழுப்பாகக் காய்ச்சிய வெண்ணெய் ஒரு துளி. அதன் மேல் எலுமிச்சைத் தோல் துருவல். வாயில் வைத்தேன். மென்றேனா? ஞாபகமில்லை. இருந்தது... இல்லை. அவ்வளவுதான். சோறு இளஞ்சூடு, மீன் குளிர்ச்சி, வெண்ணெய் வாசனை மூக்குக்குப் பின்னால் எங்கோ. காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அடுத்த துண்டுக்கும் சிரித்தேன். அதற்கடுத்ததற்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத தம்பதியைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பக்கெட் ஐஸுக்குள் ஒயின் பாட்டில் ஒன்று கழுத்தளவு முங்கிக் கிடந்தது.

இத்தனை ஆனந்தத்திலும் என் இடப்பக்கம் ஒரு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

கஸ்தூரியின் முன்னால் ஒரு தட்டு. தொடவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதையும் தொடவில்லை. பரிமாறும் பையன் பணிவாக வந்து, "எல்லாம் ஓகேவா மேம்?" என்றான்.

"நல்லா கீதுப்பா. பாத்துகினு கீறேன்."

தேவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கார்த்தியின் கைகள் சோற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. கண்கள் அந்தத் தட்டுகளை விட்டு நகரவில்லை. எனக்கு வாயில் இருந்தது இறங்கவில்லை. நிபந்தனை அவள் தொண்டைக்குத்தானே, என் தொண்டை ஏன் அடைக்கிறது?

அப்போதுதான் அந்தத் தட்டம் வந்தது.

இந்த மாதிரி இடங்களில் ஒரு வழக்கம். அன்றைய மீன்களைத் தூள் ஐஸ் மேல் அடுக்கி, விருந்தினர்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பரிமாறும் பையன் ஒவ்வொன்றாகக் கை நீட்டி, எந்தக் கடல், எந்த மீன் என்று ராகமாக இழுத்துச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில், செம்பருத்தியும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் தோலோடு ஒரு பெரிய துண்டு. "நார்வேலேர்ந்து... சால்மன்..."

கஸ்தூரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

யோசித்துப் பாருங்கள். வாரக்கணக்காக ஏலம் பார்க்காத பெண். கண் முன்னால் ஐஸ். ஐஸ் மேல் மீன். மீன் பெயரை ராகம் போட்டுச் சொல்கிற ஒரு ஆள். போதாக்குறைக்கு, இத்தனை வருஷத் தொழிலில் அவள் கண்ணிலேயே படாத ஒரு மீன்.

கட்டை விரலால் சால்மனை ஓர் அழுத்து அழுத்தினாள். தாடையை லேசாகத் தூக்கினாள். பக்கத்துத் தம்பதியின் பக்கெட்டுக்குள் கையை விட்டாள். ஒரு கைப்பிடி ஐஸை அள்ளி, சால்மன் மேல் கொட்டினாள்.

தம்பதி தங்கள் பக்கெட்டை எட்டிப் பார்த்தார்கள்.

பரிமாறும் பையன் தட்டத்தோடு சிலையானான். பெரிய செஃப் — தாடி வைத்த பிரெஞ்சுக்காரர் — உள்ளேயிருந்து வந்தார். கஸ்தூரி தன் ஈரக் கையைப் பார்த்தாள். "ஐயே" என்றாள், மெதுவாக.

என்ன நடந்தது என்று அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, மகளுக்கு, எனக்கு. ஏலத்தில் தாடையைத் தூக்கினால் விலை சம்மதம். எடுத்த மீன் மேல் கைப்பிடி ஐஸ் போட்டால் அது தன்னுடையது. வேறு யாரும் தொடமாட்டார்கள். போட்டவளும் பின்வாங்கமாட்டாள். இத்தனை வருஷத்தில் கஸ்தூரி ஐஸ் போட்ட மீனை வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் பெயர் அங்கே நிற்பதே அதனால்தான்.

தேவி இங்கிலீஷில் படபடவென்று செஃப்பிடம் விளக்கினாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு முழுசாகக் கேட்டார். விரல் பட்ட மீனை வேறு யாருக்கும் தர முடியாது — அது அவர்கள் சுகாதார விதி. ஐஸ் போட்ட மீனை வேறு யாருக்கும் தரக்கூடாது — அது காசிமேட்டு விதி. இரண்டு விதியும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

செஃப் கஸ்தூரியின் முன்னால் தலை குனிந்தார். பிறகு கார்த்தியிடம் திரும்பி, "மேடத்தின் மீன். மேடத்துக்கு மட்டும்" என்றார்.

கஸ்தூரி என் பக்கம் சாய்ந்தாள். "ணா... மாட்டிக்கினேனா?"

"ஆமாம்" என்றேன். எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்று எழுதினால் அவள் கோபித்துக்கொள்வாள்.

அந்தத் துண்டைக் கார்த்தி பலகையில் வைத்தான். உடனே வெட்டவில்லை. நடு விரலால் சதையின் மேல் மெல்ல வருடிக்கொண்டே போனான். ஓரிடத்தில் நின்றான். சின்ன இடுக்கியை எடுத்து, மயிர் போல ஒரு முள்ளை உருவி ஓரமாக வைத்தான். மறுபடி வருடினான்.

கஸ்தூரி கவுன்டர் மேல் எக்கி அந்த முள்ளைப் பார்த்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சோறு பிடித்தான். மீனை வைத்தான். நீட்டினான். வாங்கினாள். கண்ணை இறுக மூடினாள் — ஊசி போட்டுக்கொள்கிறவள் போல. வாயில் போட்டாள்.

தேவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்த இடம் இன்னும் இருக்கிறது.

"எறங்கிச்சாம்மா?"

"எறங்காம இன்னா. வழுக்கிகினு போய்ட்ச்சி. என்னாண்ட ஒரு வார்த்த கேக்கவே இல்ல."

"புடிச்சிதா?"

"புடிச்சிதுன்னு யாரு சொன்னா?" என்றாள் கஸ்தூரி. "இன்னொண்ணு வெக்கச் சொல்லு. என் மீனு. வுட்டுட்டா போவ முடியும்?"

அவள் மீனில் எனக்கும் இரண்டு துண்டு கொடுத்தாள். தேவிக்கு மூன்று. பக்கெட்டைப் பறிகொடுத்த தம்பதிக்கும் ஆளுக்கு ஒன்று கொடுக்கச் சொன்னாள். "அவங்க ஐஸுதான?" அதற்குப் பிறகு அந்தக் கவுன்டரில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. தம்பதியில் அந்த அம்மா, மல்லிகை எங்கே வாங்கியது என்று விசாரித்தாள். நான் சுஷியின் வரலாற்றை மறுபடி ஆரம்பித்தேன். இம்முறை அந்தக் கணவர் முழுசாகக் கேட்டார். பாவம்.

இனிப்பு வந்தது. பச்சைத் தேயிலைப் பாலாடை, மேலே கண்ணாடி போலக் கருகிய சர்க்கரை. கரண்டியால் தட்டி உடைத்தோம். கார்த்தி கவுன்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"எப்படி இருந்தது, மேம்?"

கஸ்தூரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். தன் தண்ணீர் டம்ளருக்குள் இரண்டு விரலை விட்டாள். ஒரு ஐஸ் கட்டியை எடுத்தாள். அவன் வலது கையின் மேல் வைத்தாள்.

தேவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கார்த்தி கையை நகர்த்தவில்லை. ஐஸ் கரைந்தது. விரலிடுக்கில் வழிந்தது. கவுன்டரில் குளமாகத் தேங்கியது. அவன் கையை எடுக்கவே இல்லை. பரிமாறும் பையன் துடைக்கத் துணியோடு வந்து, என்ன நினைத்தானோ, அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

செஃப் எட்டிப் பார்த்தார். தேவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "இதையும் வாங்கிவிட்டார்களா?"

திரும்பும்போது மெட்ரோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். வாரக்கணக்கில் தேவி சொன்ன காரணங்கள் எத்தனை, கெஞ்சல்கள் எத்தனை. ஒன்றும் அசைக்கவில்லை. காரணங்களைக் கேட்டா நாம் மனசை மாற்றிக்கொள்கிறோம்? கை தனக்குப் பழகிய ஒன்றைச் செய்துவிடுகிறது. மனசு பின்னாலேயே ஓடிவந்து சேர்ந்துகொள்கிறது.

எனக்கு வேறு கவலை. "கஸ்தூரி, கல்யாணத் தேதி?" என்றேன். இதையாவது எழுதி வைக்கலாமே.

"அவசரப்படாதணா. தடை முடிஞ்சி மொத போட்டு வரட்டும். அப்பால தேதி."

விருந்து சைவமா அசைவமா என்பதில் இரண்டு வீட்டுக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது. எதுவானாலும் வேக வைத்துத்தான் போடுவது என்பதில் மட்டும் சம்பந்திகள் ஒரே கட்சி.