தங்கப்பிள்ளை பிணை நின்ற பயணம்

பங்குனி மாதம், மூன்றாம் வாரம், செவ்வாய். விடிகாலை ஐந்து மணிக்குப் பழுகாமத்துத் துறையில் தோணி ஏறினேன். நெற்றியில் திரௌபதை அம்மன் கோயில் திருநீறு. மடியில் அக்காள் எழுதிய கடிதம். கையில் வாழையிலைச் சோற்றுப் பொட்டலம்.

போக வேண்டிய இடம் என் பிறந்த ஊர். தாமிரபரணிக் கரையில், கடலுக்கு அப்பால் இருக்கிறது. அக்காள் மகளுக்கு வைகாசி பன்னிரண்டாம் தேதி கலியாணம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கைபிடித்துக் கொண்டுபோய் விடாமல் பெண் மணையில் உட்காரமாட்டாள். அக்காளுக்கு நான் ஒரே தம்பி. தாயில்லாத என்னை அவள்தான் வளர்த்தாள்.

முன்பெல்லாம் அம்மை ஊசி குத்திய சீட்டு ஒன்று இருந்தால் கப்பலேறிப் போவோம், வருவோம். யுத்தம் தொடங்கிய பிறகு சட்டம் மாறிவிட்டது. என்னைப் போல் அக்கரையிலிருந்து இலங்கைக்கு வந்து பிழைப்பவன், திரும்பிவர அனுமதிப் பத்திரம் வாங்காமல் போனால் திரும்பி இறங்க விடமாட்டார்கள். பத்திரம் கிடைக்காவிட்டால் ஒன்று அக்காளுக்குச் சொன்ன சொல் போகும், இல்லாவிட்டால் மனைவி மகள் முகம் பார்ப்பது போகும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அன்று தோணியில் உட்கார்ந்திருந்தேன்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குக் கடக்கத் தோணிக்கூலி ஐந்து சதம். களுவாஞ்சிக்குடியில் ஆறரை மணிக்கு பஸ். மட்டக்களப்புப் பட்டணம் பதினெட்டு மைல், முப்பத்தைந்து சதம். பஸ்ஸில் பாதி இடத்தை நெல் மூட்டையும் கருவாட்டுக் கூடையும் பிடித்துக்கொண்டன. கல்லடிப் பாலம் தாண்டிப் பட்டணம் இறங்கியபோது எட்டேமுக்கால்.

பத்திரம் கொடுக்கும் சர்க்கார் அலுவலகத்தை இங்கே கந்தோர் என்பார்கள்; அது ஒன்பதரைக்குத் திறந்தது. வராந்தாவில் ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். அதில் உட்காரும் முறையை முதல் நாளே கற்றுக்கொண்டேன். முன்னால் இருப்பவர் எழுந்தால் எல்லாரும் ஒரு சாண் நகர வேண்டும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கடைசிக்குப் போய்விட வேண்டும். ஆகவே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. நான் வாய்க்குள் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு சாண் சாணாக நகர்ந்தேன். கிளாக்கர் மேசைக்கு வந்தபோது மணி இரண்டரை. அவர் யாழ்ப்பாணத்தவர். மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் சிவப்பு மைக்கூடு. கடுமையான மனிதர் என்று சொல்லமாட்டேன். ஆனால் தாளைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்கமாட்டார்.

"எத்தனை வருஷமா இஞ்ச இருக்கிறீர்?"

"பதினாறு வருஷம், ஐயா."

"என்ன தொழில்?"

"பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது. ஊர் ஊராப் போய்ப் பூசுவேன்."

"ஊர் ஊராப் போற ஆளுக்கு நிரந்தர இருப்பிடம் எது? விதானையாரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாரும்."

அவ்வளவுதான். வந்த வழியே பதினெட்டு மைலும் திரும்பினேன்.

எங்கள் ஊர் அதிகாரியான விதானையார் பொய் பேசாத மனிதர். புத்தாண்டு கழிந்து, வேளாண்மைத் தகராறுகள் தீர்த்து, ஒரு நல்ல நாள் பார்த்துத்தான் கடிதம் எழுதினார். முத்து முத்தான எழுத்து. உறையில் போட்டு ஒட்டியும் தந்தார். நான் அதைப் பிரிக்காமல் அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு, சித்திரை பத்தாம் தேதி மறுபடியும் பட்டணம் போனேன். அதே பஸ், அதே வாங்கு, அதே சாண். இம்முறை ஒன்றரைக்கே மேசை கிடைத்தது.

கிளாக்கர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி வாசித்தார்.

"'மேற்படி ஆள் தங்கப்பிள்ளை என்பவரின் வீட்டில் இருந்து வருகிறார்.' ஆர் காணும் இந்தத் தங்கப்பிள்ளை?"

"என் பெண்சாதி, ஐயா."

"உதில அப்பிடி எழுதேல்லையே? வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு!"

பின்னால் வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"உம்மட பேரில வீடு வளவு இருக்கோ?"

"இல்லை, ஐயா. வீடு அவளுக்குச் சீதனம்."

"அப்ப உமக்கு இஞ்ச ஒண்டுமில்லை" என்று சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் விதானையாரிடம் ஓடினேன். அவர் திகைத்துப்போனார்.

"தங்கப்பிள்ளைட புரிசன் நீங்க எண்டு ஊருக்கே தெரியுமே! அத ஒரு கடுதாசியில எழுதுறதா? வெக்கமில்லையா?"

"சரி, இப்ப எழுதித் தாங்க. வீடு என்னுடையதுன்னும் சேர்த்து."

"புரிசன் எண்டு எழுதலாம். வீட்ட உங்கட எண்டு எழுத ஒண்ணா மாப்பிள. பொம்புளட வீட்ட ஆம்புளட பேருக்கு எழுதினா, நாளைக்கு அவட தாய் வந்து என்ட வாசல்ல நிப்பா."

அவர் சொன்னது உண்மை. இந்தப் பகுதியில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுவான். கலியாணம் ஆன நாள் முதல் அந்தக் கூரையின் கீழ் நிம்மதியாகத் தூங்கிய எனக்கு, அன்றுதான் அது என் கூரை இல்லை என்ற நினைவு முள்ளாய்க் குத்தியது.

புதுக் கடிதத்தோடு மறுபடி போனேன். "புருஷன் எண்டது சரி, ஆனால் சொத்து ஆதனம் இல்லையே" என்று அதையும் திருப்பினார் கிளாக்கர். கந்தோர் வாசலில் பெத்திசம், அதாவது மனு, எழுதுகிறவர் ஒருவர் என்னை மறித்து, வீட்டை நான் விலைக்கு வாங்கியதாக ஓர் உறுதிப் பத்திரம் எழுதலாம், யாரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள் என்று காதில் ஓதினார். கொஞ்ச நேரம் மனம் ஆடியது. அம்மன் பாதத்தில் வைத்த கடிதத்தோடு ஒரு பொய்த் தாளையும் சேர்த்து நீட்ட என் கை வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்தில் காத்தான்குடிப் புடவைக்கடைக்காரர் ஒருவர். கடைக்குப் போகும்போது பார்த்துப் பழக்கம். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன தம்பி, முகமெல்லாம் செத்துப் போய்க் கிடக்கு?"

சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இதுக்கா? எங்கட ஊரிலயும் வூடு பொம்புளடதானே! ஹஜ்ஜுக்குப் போக என்ட மச்சானும் இப்பிடித்தான் நடையா நடந்தான். மறுகா பொஞ்சாதியக் கூட்டிப் போய்ப் பிணைக்கு நிப்பாட்டினான். வூடு வாசல் உள்ளவங்க ஒராள் பிணை நிண்டாப் போதும் தம்பி. உங்களுக்கிட்ட இல்லாட்டி என்ன, உங்கட வூட்டில இரிக்கே!"

இறங்கும்போது, "பொய் எழுதாம வந்தீங்களே, அல்லாஹ் வழி விடுவான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கப்பிள்ளை அதுவரை களுவாஞ்சிக்குடிக்கு அப்பால் போனவள் அல்ல. பிணைக்கு வருவாயா என்று நான் கேட்டதும் எழுந்து உள்ளே போனாள். பன்புல் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய வீட்டு உறுதியை எடுத்து வைத்தாள்.

சித்திரை இருபத்தாறு. தோணிக்காரர் எங்களைப் பார்த்து, "என்ன மச்சான், கந்தோரில கிளாக்கரப் பேச இண்டைக்கு ஆளக் கூட்டிப் போறீங்க போல?" என்றார். "அண்ண, நீங்க தோணியப் பார்த்து விடுங்க" என்றாள் அவள். கல்லடி இரும்புப் பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் கண்ணை மூடி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வாவித் தண்ணீரில் வளர்ந்தவளுக்கு என்ன பயம் என்று கேட்டேன். "தண்ணிக்குப் பயமில்ல. தண்ணிக்கு மேல இவ்வளவு இரும்பு கிடக்கே" என்றாள்.

வாங்கில் அவளுக்கும் சாண் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு மேசை. கிளாக்கர் உறுதியை விரித்துப் பார்த்தார். பெண்பிள்ளை பிணை நிற்கலாமோ என்று கேட்க மேலதிகாரியான துரையின் அறைக்குள் போனார். ஒரு மணியாயிற்று, இரண்டாயிற்று. கலியாணத்துக்கு இன்னும் பதினேழே நாள். தங்கப்பிள்ளை பொட்டலத்தைப் பிரித்து, "சாப்பிடுங்க. பசியோட இரிந்தா அவர் கெதியா வருவாரா?" என்றாள்.

இரண்டரைக்கு வந்தார். முதன்முறையாகத் தாளை விட்டு ஆளைப் பார்த்தார். அவளை.

"இவர் திரும்பி வந்தா இவரை வைச்சுப் பராமரிக்க உமக்கு வழி இருக்கோ, அம்மா?"

"வயல் வட்டைக்குள்ள விதைப்புக் காணி இரிக்கு. வளவில பத்துத் தென்னை. வீடு இந்தா, உறுதியில."

"இவருக்கு இருக்க இடமும் சாப்பாடும் குடுப்பன் எண்டு பத்திரத்தில ஒப்பம் வைக்க வேணும்."

"இவ்வளவு நாளும் பத்திரம் இல்லாமத்தானே சோறு போட்டன்? குடுங்க."

வாங்கு முழுவதும் சிரித்தது. கிளாக்கரும் சிரித்தார். அவர் சிரிப்பார் என்று அன்றுதான் கண்டேன். ஊதா மையில் அவள் பெருவிரலைத் தோய்த்து அவரே தாளில் அழுத்தி, முத்திரை குத்திப் பத்திரத்தை என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்த பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் ரயிலேறி, மாகோவிலும் மதவாச்சியிலும் மாறி, தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். வைகாசி எட்டாம் தேதி அக்காள் வாசலில் நின்றேன். பன்னிரண்டாம் தேதி காலை ஏழரை முகூர்த்தத்தில் மருமகள் கையைப் பிடித்து மணைக்குக் கொண்டுபோனேன். அக்காள் அழுதாள், நானும் அழுதேன். பந்தியில் பங்காளி ஒருவர், "பொண்டாட்டி வீட்டுச் சோறு உடம்புக்கு ஒத்துக்கிட்டதுபோல இருக்கே" என்று குத்தினார். முன்பானால் தலை குனிந்திருப்பேன். அன்று, "ஒத்துக்கிச்சு அண்ணாச்சி, சர்க்கார் முத்திரை போட்ட சோறு" என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன். நான் பிறந்த வீட்டில் அந்தப் பன்னிரண்டு நாளும் என் பெட்டியை வைக்க ஒரு மூலை தேட வேண்டியிருந்தது. யார் மேலும் குறையில்லை. கலியாண வீடு, ஆள் நெரிசல்.

திரும்பும்போது தலைமன்னாரில் உத்தியோகத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்து, அந்த ஊதா விரலைப் பார்த்தார். "பிணை யார்?" என்றார். சொன்னேன். முத்திரை குத்திவிட்டார். என் வாழ்நாளில் கேட்ட நல்ல சத்தங்களில் அதுவும் ஒன்று.

பழுகாமத்துத் துறையில் தோணி தட்டும்போது பின்னேரம் நான்கு மணி. தங்கப்பிள்ளை மகளோடு கரையில் நின்றாள். மருமகள் கலியாணம் எப்படி, கடல் எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை.

"கெதியா வாங்க. ஒப்பம் வச்சிரிக்கன். சோறு போடாட்டி துரை என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிருவார்."

இப்போது அந்த வீடு மகளின் சீதனம். தங்கப்பிள்ளை அம்மன் பாதம் சேர்ந்து ஒரு வருஷம் முடிகிறது. பிணைப் பத்திரம் என் பெட்டியில், திருநீற்றுப் பைக்கு அடியில் இருக்கிறது. அதன் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. மகளுக்குத் தாயின் வாய். சில நாள் இலை போட்டுவிட்டு, சோற்றுப் பானையோடு நின்று, "பத்திரம் இரிக்கா அப்பா?" என்று கேட்பாள். நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து காட்டுவேன். பார்த்த பிறகுதான் போடுவாள்.