முதலில் திறந்திருக்க வேண்டிய திருகு

எருமப்பட்டியில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், அதாவது என் அண்ணன், முதல் நாள் மத்தியானம் எடப்பாடியில் எங்கள் வீட்டு முன்னால் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

என் வீட்டுக்காரர் நூல் வியாபாரி. அந்தக் காரை மூன்றாவது கையாக வாங்கியிருந்தார். மைல் காட்டும் எண்கள் ஒருமுறை முழுதாகச் சுற்றி முடித்து மறுபடியும் தொடங்கி, எங்களிடம் வருமுன்பே நின்றும் போயிருந்தன. சில மாதங்களாகப் பின்பக்கமிருந்து மாவு மெஷின் போல ஒரு சத்தம். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரித் தொங்கும் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் இருக்கின்றன, அதன் எண்ணெயை மாற்றினால் சரியாகிவிடும் என்று அண்ணன் சொன்னார். அண்ணன் முன்பு பஸ் ஓட்டியவர்; அவர் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு வேதவாக்கு. எதுவும் எளிதில் கிடைக்காத அந்த யுத்த காலத்திலும் இவர் எங்கெங்கோ அலைந்து ஒரு டின் எண்ணெய் சம்பாதித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, விடியால கெளம்போணும். போயிட்டு வந்து பார்த்துக்கலாமில்லீங்க?" என்றேன்.

"ஒரு மணி நேர வேலை அம்மிணி. நீ போயி சோத்தைப் பாரு."

சோற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். பலகாரத்துக்கென்று வாங்கி ஒருமுறைகூட அடுப்பில் ஏற்றாத என் பெரிய வடைச்சட்டி காருக்கு அடியில் இருந்தது. பெட்டியின் அடித்திருகைக் கழற்றிவிட்டார்கள். தார் போலக் கறுப்பாக எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது.

"பார்த்தியா, எவ்வளவு அழுக்கு!" என்றார் இவர், புதையல் எடுத்தவர் மாதிரி.

அடித்திருகை மூடிவிட்டு, புது எண்ணெய் ஊற்றுவதற்காகப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த இன்னொரு திருகில் ஸ்பானரை மாட்டினார்கள். வழுக்கியது. முன்பு வைத்திருந்தவர்கள் உளியால் அடித்து அடித்து அதன் தலையை உருண்டையாக்கியிருந்தார்கள். அண்ணன் சுத்தியலால் தட்டினார். மண்ணெண்ணெய் விட்டார். இவர் ஏறி மிதித்தார். ஸ்பானர் தெறித்து அண்ணனின் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பொழுது சாயும்போதுதான் நிலைமை எனக்கு முழுதாக விளங்கியது. அந்தத் திருகு திறக்காவிட்டால் எண்ணெய் ஊற்ற வேறு வழியில்லை. பழைய எண்ணெய் கெட்டதோ நல்லதோ, உள்ளே இருந்தவரைக்கும் கார் ஓடியது. இப்போது அதுவும் என் வடைச்சட்டியில் இருந்தது.

"இது தெறக்குதான்னு பார்த்துட்டு அடியில இருக்கறதைத் தெறந்திருக்கலாமில்லீங்களா?" என்றேன்.

இவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சக்கரத்தைப் பார்த்தார்.

"பஸ் ஓட்டுனேன்னு சொன்னீங்களே மச்சான்?"

"ஓட்டுனேன் மாப்ள. திருகறதுக்குக் கிளீனர் இருந்தான்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உள்ளே போய் நாலு பாத்திரத்தை உருட்டினேன். கூப்பன் சேர்த்து வாங்கிய பெட்ரோல் காரில் இருந்தது. கரி போட்டு ஓட்டும் பஸ்ஸை நம்பினால் மூன்று இடத்தில் மாறி மறுநாள் சாயங்காலம் போய்ச் சேரலாம்.

விடிந்ததும் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் ஆசாரியை இவர் கூட்டி வந்தார். ஆசாரி குனிந்து பார்த்தார். உருண்டைத் தலையின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் ராவித் தட்டையாக்கினார். ஸ்பானரின் காம்பில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி ஒரே இழுப்பு. திருகு கிரீச்சென்று திரும்பியது.

"இதைத் தெறக்காம அடியதை ஏன் சாமி மொதல்ல தெறந்தீங்க?" என்றார்.

"அவசரத்துலங்க," என்றார் அண்ணன், பவ்யமாக. அதே கேள்வியை நான் கேட்டபோது வாய் திறக்காத மனிதர்!

புது எண்ணெய் பாகு மாதிரி இருந்ததால் புனலில் இறங்கவில்லை. நான்தான் டின்னை வெந்நீரில் வைத்து இளக்கிக் கொடுத்தேன். சங்ககிரி தாண்டியபோது, "சத்தம் கொறைஞ்சிருக்கில்ல?" என்று இவர் கேட்டார். "பாதிக்குப் பாதி மாப்ள," என்றார் அண்ணன். எனக்கு ஒரு துளியும் குறைந்ததாகத் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எருமப்பட்டியில் நல்ல நேரம் முடிந்து பந்தியே தொடங்கியிருந்தது. தங்கையின் மாமியார் எங்களிடம் வாங்க என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். காது குத்த வந்த தட்டார் மட்டும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். உச்சிக்கு முன்னால் இன்னொரு நேரம் இருப்பதாக யாரோ பெரியவர் சொன்னதால் தப்பித்தோம். அண்ணனைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்ச் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தேன். நகக்கண் கறுப்பு போகவேயில்லை, வாடையும் போகவில்லை. ஊசி பக்கத்தில் வருவதற்கு முன்பே, அந்தக் கை தொட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது.

குத்தி முடித்ததும் தங்கை என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூட்டிப் போனாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அவங்க ரெண்டு பேருந்தான் அப்பிடி. நீயாவது சொல்லக் கூடாதாக்கா?"

 அங்கே கிடந்த முறத்தை எடுத்து, யாரும் கேட்காமலே அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டேன்.