படுக்க வைத்து எடுத்த அளவு

மெழுகுவர்த்தி வீட்டுக்கு வந்த அன்று அதைச் சாய்த்து வைக்க இடமில்லாமல் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினோம். மகன் அதன் பக்கத்தில் போய் முதுகை நிமிர்த்தி நின்றான். அவனைவிட அது நான்கு விரற்கடை உயரமாக இருந்தது.

"யாருக்கும்மா இது? எனக்கா, எங்க அண்ணனுக்கா?"

அவனுக்கு அண்ணன் கிடையாது. ஒரே பிள்ளை.

கடந்த மே மாத விடுமுறையில் கல்லூரி நண்பர்களோடு கொட்டிவாக்கம் கடலில் குளிக்கப் போனவனை அலை இழுத்துக்கொண்டது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த மீனவர்கள் இறங்கி இழுத்துப் போட்டார்கள். நுரையீரலில் உப்புத் தண்ணீரும் மணலும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வாயில் குழாயோடு அவன் கிடந்தபோதுதான் நேர்ந்துகொண்டேன். பிழைத்து எழுந்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, சாந்தோமிலிருந்து பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு, அவனையும் அழைத்துக்கொண்டு, நடந்தே. அவனைக் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவன் இல்லை.

எங்கள் தேவாலயப் பங்கில் இது புதிதொன்றும் இல்லை. மாதா திருவிழாக் கொடியேற்றம் வந்தால் சிந்தாதிரிப்பேட்டை, கோடம்பாக்கம் என்று நகரத்தின் எல்லா மூலையிலிருந்தும் காவிச் சேலையும் காவி வேட்டியுமாக ஜனங்கள் அந்தக் கடற்கரைக் கோயிலை நோக்கி நடப்பார்கள். நோயிலிருந்து எழுந்த பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி தூக்கிப் போவதும் உண்டு. பெரும்பாலும் கைக்குழந்தைகளுக்காக நேர்ந்துகொள்வார்கள். முழங்கால் உயரத்தோடு முடிந்துவிடும். என் மகன் ஆறடி.

அளவை ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டேன். பார்க்க அனுமதித்த கொஞ்ச நேரத்தில், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியபோது, உச்சந்தலையிலிருந்து கால் நுனிவரை தையல் நூலை ஓட்டி அறுத்து, ஜெபமாலை வைக்கும் டப்பியில் சுற்றி வைத்தேன். நூல் கையில் இருந்தால் ஆளும் இருப்பான் என்பதுபோல ஒரு பிடிமானம்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் மூச்சைக் கேட்பதே என் வேலையாகிவிட்டது. குளியலறையில் கொஞ்சம் நேரமானால் கதவைத் தட்டுவேன். கல்லூரிக்கு பஸ் ஏறினால் அடையாறு தாண்டுவதற்குள் போன் செய்வேன். எடுக்கவில்லை என்றால் வகுப்பில் பாதிப் பாடத்தில் நிற்பேன். தி. நகரில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பிள்ளைகள், "மிஸ், சமன்பாடு பாதில நிக்குது" என்பார்கள்.

நடைக்கு அவன் ஒப்புக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"நடக்கிறேன். கோயில்ல குடுத்து முடிச்சதும் கடல்ல கால் நனைப்பேன். எல்லாரும் நனைப்பாங்க இல்ல? நான் தனியாப் போவேன். நீ பின்னாடி வரக்கூடாது. பாக்கவும் கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னு சொன்னேன்ல."

நடந்து களைத்தால் மறந்துவிடுவான் என்று நினைத்தேன்.

ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்விடலாம் என்று கணவர் கடைசிவரை சொல்லிப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, பெசன்ட் நகரில் காத்திருப்பதாகக் கிளம்பிவிட்டார். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாந்தோமிலிருந்து புறப்பட்டோம். மெழுகு எந்த வெப்பத்தில் இளகும் என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். ஆகஸ்ட் வெயிலில் ஆளுயர மெழுகை ஈரத்துண்டு சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பியபோது அந்த ஒரு துண்டு போதும் என்று நம்பினேன்.

ஒலிபெருக்கி கட்டிய சிறிய தேரோடு எங்கள் பங்குக் கூட்டம் வேகமாக முன்னால் போனது. மகன் கொஞ்ச தூரம் நடப்பான், நிற்பான், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவான். நானும் நிற்பேன். பாட்டுச் சத்தம் தேய்ந்து, சாந்தோம் நெடுஞ்சாலையின் ஹாரன் சத்தம் மட்டும் மிச்சமானது.

"நீ போயேம்மா அவங்களோட. நான் என் வேகத்துல வரேன்."

"எனக்கும் இதான் வேகம்."

"பொய்."

பட்டினப்பாக்கத்தில் பர்னிச்சர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கடை வாசலில் ஷாமியானா கட்டி, நடந்துபோகிறவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே போய் உட்கார்ந்தோம். எங்கள் பங்கைச் சேர்ந்த மீன்காரக்கா அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஞாயிறு பூசையில் எனக்கு முன்வரிசையில் உட்காரும். வழியில் பார்க்கிற எல்லாரிடமும் நின்று பேசுவதால் எப்போதும் கடைசி ஆள்.

"இன்னா டீச்சர், கரண்டு கம்பத்தப் பேத்துக்கினு வந்துட்டியா?"

"அவன் உயரத்துக்குக்கா."

"இவன் ஒசரமா? ஏய், எந்திரி நைனா, பாப்போம்." மகன் எழுந்து மெழுகுவர்த்தியோடு ஒட்டி நின்றான். "எங்க? இது உன்னவிட ஒசரமா கீது. மெழுகுக்காரன் ஏமாத்திட்டானா?"

"இல்லக்கா. ஆஸ்பத்திரியில நூல் வெச்சு நானே அளந்தேன். அசைவில்லாம படுத்திருந்தான். பாதம் கீழ நீட்டியிருந்தது, அதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

அக்கா மோர் டம்ளரைக் கீழே வைத்தது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டது.

"படுக்க வெச்சா அளந்த? ஐயோ டீச்சர். நிக்க வெச்சில்ல அளக்கணும். படுக்க வெச்சு எடுக்கறது வேற ஒண்ணுக்கு."

"எதுக்குக்கா? பெட்டிக்கா?" என்று மகன் சிரித்தான்.

"வாய மூடு. நல்ல நாளும் அதுவுமா." அவன் முதுகில் ஓர் அடி வைத்தது. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி வுடு. மாதாவுக்குத் தெரியாதா இன்னா? இதான் புள்ள முன்னாடி நிக்கறானே, மோர் குட்ச்சிக்கினு," என்றது. தேரைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டது.

பாய் என்னிடம் இன்னொரு டம்ளர் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்பா இறந்தபோது சவப்பெட்டி செய்கிறவர் வந்து நூலை ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். உச்சந்தலையிலிருந்து கால் நுனிவரை. அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடித்தார். என் கை அந்த வேலையை எங்கே கற்றது என்று அதுவரை யோசித்ததில்லை.

கிரீன்வேஸ் சாலையில் மெட்ரோ வேலைத் தகரத் தடுப்பு ஓரமாக நடந்தபோது நான் நின்றுவிட்டேன்.

"மேல நாலு விரக்கடைய வெட்டிடலாம்டா. நீ இந்தத் தகரத்தோட சாஞ்சு நில்லு. சரியா உன் தலையில அடையாளம் வெச்சுக்கறேன்."

"எதால வெட்டுவ?"

"எங்கயாவது கத்தி வாங்குவோம். பழக்கடை இருக்கும்."

"ம்மா. ரோட்ல நின்னுக்கிட்டு என்னை அளக்கப் போறியா?"

"நீ நில்லேன்."

அவன் நிற்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மெழுகையே பார்த்தான்.

"வெட்டாத," என்றான். "படுத்திருந்ததும் நான்தானே."

அவன் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை; வாதத்தில் ஜெயிக்கச் சொன்னான். மெழுகை மறுபடி தோளில் ஏற்றினேன். துண்டு காய்ந்துபோய் வெகுநேரமாகியிருந்தது. ஏற்றும்போதே இரண்டு முனையும் தொய்ந்து வில்போல வளைந்தது. அதை நிமிர்த்தலாம் என்று நடுவில் கைகொடுத்து அழுத்தினேன். ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைவதுபோல இல்லை, அதைவிடச் சின்னச் சத்தம். நடுவுக்குக் கொஞ்சம் மேலே, அவனுக்கு நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில், இரண்டாகப் போய்விட்டது.

நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடத் தெம்பில்லை. மூன்று மாதமாகத் தூங்காத களைப்பெல்லாம் அந்த இடத்துக்காகக் காத்திருந்து வந்ததுபோலக் காலில் இறங்கியது. காவிச் சேலை கட்டிய பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி, "பிஸ்கட் வேணுமாக்கா?" என்று கேட்டாள். மயங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பாள்.

மகன் குனிந்து பார்த்தான். "திரி அறலம்மா. நூல் அப்படியே இருக்கு. நீ அந்தப் பாதியப் பிடி. நான் இந்தப் பாதியப் பிடிக்கிறேன்."

அப்படித்தான் தூக்கினோம். அவன் முன்னால், நான் பின்னால், இரண்டு துண்டுக்கும் நடுவில் திரி. நான் அவசரப்பட்டால் துண்டுகள் இடித்து மெழுகு உதிர்ந்தது. பின்தங்கினால் திரி இழுத்தது. அவன் மூச்சு வாங்க நின்றால் நானும் அந்த அடியிலேயே நிற்க வேண்டும். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை; சட்டை முதுகில் ஒட்டியிருந்தது மட்டும் தெரிந்தது. மூச்சுச் சத்தமும் வண்டிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் மூச்சைக் கேட்காமல் அவ்வளவு தூரம் நடந்தேன். மெழுகைக் கவனிக்க வேண்டியிருந்தது.

திரு.வி.க. பாலத்தின் நடுவில் நின்றான். கிழக்கே அடையாறு அகன்று கடலைப் பார்த்துப் போகிறது. நான் மேற்கே பார்த்துக்கொண்டேன்.

"அன்னிக்கு உள்ள போனப்ப என்ன நினைச்சேன் தெரியுமா?" என்றான், திரும்பாமல்.

அதைப் பற்றி அவன் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

"என்னடா?"

"கூட வந்த ஒருத்தனோட புதுச் செருப்ப மாத்திப் போட்டுட்டு வந்துட்டேன். கரையில கிடந்தது. யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்களேன்னு."

"செருப்பா?"

"அதான் நினைச்சேன். உன்னை எல்லாம் நினைக்கல. சாரி."

சிரிக்கிறானா என்று தெரியவில்லை. நான் அவனுக்காக எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன், தண்ணீருக்குள் அவன் என்னைக் கூப்பிட்டது உட்பட. அதில் ஒன்றிலும் செருப்பு இல்லை.

"கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"எது?"

"செருப்பு."

"ஒண்ணு கிடைச்சுது."

பெசன்ட் அவென்யூவில் மரநிழல் வந்தபோது வெயில் தானாகவே தணிந்திருந்தது. என் குதிகாலில் கொப்புளம் உடைந்து செருப்பில் ஒட்டியது. அவன் நிற்பதும் நடப்பதுமாகப் போனான். எங்களுக்குப் பின்னால் கிளம்பிய கூட்டங்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர்கூட.

கோயில் வளாகத்தில் நிற்க இடமில்லை. காணிக்கை மெழுகுவர்த்திகளை வாங்கிக்கொள்ளுமிடத்தில் வரிசை நகர்ந்து நகர்ந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, தொண்டர் பையன் ஒருவன் எங்கள் கையைப் பார்த்தான். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

"வெயில்ல வரும்போது உடைஞ்சிடுச்சு தம்பி, இது வந்து..."

"பரவால்ல, குடுங்க ஆன்ட்டி. எல்லாம் அப்படித்தான் வருது." வாங்கி, சப்பாத்திபோல மடித்து, பின்னால் குவிந்திருந்த மெழுகுக் குவியல்மேல் போட்டான். குவியலில் வளைந்தவை, துண்டானவை, முழங்கால் உயரத்தவை எல்லாம் கிடந்தன. எங்களுடையது எது என்று அடுத்த நிமிஷமே தெரியவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. உள்ளே மாதாவைப் பார்க்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு மன்றாட்டும் வாயில் வரவில்லை. வந்துட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்ததும் மகன் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

"கணுக்கால் வரைக்கும்தான்," என்றான்.

அவன் மறக்கவில்லை. என் வாயில் ஆயிரம் வந்தது. அலை பெரிதாக இருக்கிறது, இருட்டப் போகிறது, அப்பாவையாவது கூட்டிக்கொண்டு போ. கையில் அவன் செருப்பு இருந்தது.

"போ," என்றேன்.

மணலில் கோயிலைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கணவர் ஸ்கூட்டரை எங்கோ விட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார்.

"எங்க அவன்?"

"கடல்ல. நீங்களும் இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

"விளையாடறியா? யாராவது ஒருத்தர் பாக்க வேணாமா?"

"சொல்லியிருக்கேன், பாக்க மாட்டோம்னு."

"நீ சொன்ன. நான் சொல்லல."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மணலைக் கிளறினார். பிறகு, முகத்துக்கு எதிரே போனைத் தூக்கி, செல்ஃபி எடுக்கிறவர்போலப் பிடித்தார். திரையில் அவருடைய காதுக்குப் பின்னால் கடல் தெரிந்தது. கரை முழுக்கக் காவி. நூறு தலை இருக்கும், எல்லாம் கடுகளவு. எது அவன் என்று இருவரும் தேடினோம். ஒன்று குனிந்தது, ஒன்று கை தூக்கியது. எது வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம். என் விரல் நகத்துக்குள் மெழுகு ஏறியிருந்தது. அந்த விரலாலேயே போனைக் கீழே அழுத்தினேன்.

"வெச்சுடுங்க."

"கிடைச்சிருப்பான், இன்னும் கொஞ்சம்..."

"வெச்சுடுங்கன்னேன்."

வைத்துவிட்டார். என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். அலைச் சத்தம் முதுகில் வந்து வந்து போனது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

என் கழுத்தில் சில்லென்று ஒரு துளி விழுந்தது.

"பசிக்குது," என்றான் மகன், தலைக்குமேல் நின்றுகொண்டு. "சோளம் வாங்கித் தரியா?"

அவன் பேன்ட் முழங்கால்வரை நனைந்து, மேலே தொடையிலும் உப்புத் திட்டாக இருந்தது. கணுக்கால் என்றுதான் சொல்லியிருந்தான். நான் அதைப் பார்த்ததை அவன் பார்த்தான்.

கையில் வைத்திருந்த செருப்பை அவன் காலடியில் போட்டேன். "காரம் கம்மியா போடச் சொல்லு," என்றேன்.