முன்பக்கம் கவிழும் பிக்கப்

நான் ஆள் கட்டை. என் பழைய பிக்கப்போ நல்ல உயரம். என்ஜினில் கை வைக்க வேண்டுமென்றால் மட்காட்டில் ஏறித் தலைகீழாக உள்ளே இறங்க வேண்டும்; வெளியே என் இரண்டு கால்கள் மட்டும் தெரியும். விசுவமடுவில் ஒருவர், “கிணத்துக்குள்ள என்னத்தைத் தேடுறியள்?” என்று கேட்டார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். தலைகீழாக இருந்தே திட்டினேன்.

அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கோ பிழைப்பு. நாயாற்று மீனைப் பரந்தனுக்குக் கொண்டுபோய்க் கொழும்பு ரயிலில் ஏற்ற வேண்டும். பெற்றோல் குழாயில் தூசு அடைத்து இரண்டு தடவை நடுவழியில் நின்று ரயிலைத் தவறவிட்டேன். மீனுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “தம்பி, இன்னொருக்காக் கோச்சியை விட்டீரெண்டால் நான் வேற லொறி பாக்கிறன்.”

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்த மச்சானிடம் ஓடினேன். பொனற், இரண்டு மட்காட், லைற் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி, பம்பருக்கு மேலே வண்டில் அச்சுத் துண்டொன்றைக் கதவுப் பிணைச்சல்போல வைத்து, முழு மூஞ்சியும் முன்னால் கவிழ வேண்டும் என்றேன்.

“உனக்கென்ன விசரே?” என்றான். மத்தியானத்துக்குள் அவனுக்கும் அந்த விசர் பிடித்துவிட்டது. இரண்டு தடவை லைற் வயர் அறுந்தது. ஒரு தடவை என் பெருவிரல் நசுங்கியது. நாலாம் நாள் மூஞ்சியை ஒற்றைக் கையால் இழுத்தேன். என்ஜின் முழுதும் பரிமாறிய வாழையிலைபோல என் முன்னால் கிடந்தது.

முதல் ஓட்டத்துக்குச் சம்மாட்டியும் ஏறிக்கொண்டார். முரசுமோட்டையில் ரோட்டோரப் பிள்ளையார் கோயிலைக் கண்டதும் நிறுத்தினேன். புது வேலை செய்த வாகனம் தேங்காய் உடைக்காமல் போகலாமா?

“கோச்சிக்கு நேரமாகுது, தம்பி.”

“ரெண்டு நிமிசம், அண்ணை.”

பக்தி மிகுதியில் ரோட்டிலிருந்து கீழே இறக்கி, வாகனத்தின் மூக்குக் கோயில் சுவரை முட்டாத குறையாக நிறுத்தினேன். தேங்காய் நேர்த்தியாக உடைந்தது. வாகனம்தான் ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடியும் தூசு.

ஓடிப்போய் மூஞ்சியை இழுத்தேன். கொஞ்சம் கவிழ்ந்து சுவரில் இடித்து நின்றது. திறக்க முன்னால் இடமில்லை! பழைய பொனற் என்றால் தலைகீழாகவாவது இறங்கியிருப்பேன். மச்சான்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம். அழுகையே வந்துவிட்டது.

சம்மாட்டி இறங்கினார். அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவருக்கும் வாகனத்துக்கும் நடுவில் புகுந்து தோளைக் கொடுத்தார்.

“சாமியைத் தள்ளி இருக்கச் சொல்லேலாது. வாகனத்தைத் தள்ளுவம், வாரும்.”

கோயிலில் நின்றவர்களும் வந்து கைகொடுத்தார்கள். மீன் பெட்டிகளோடு மேட்டில் இரண்டு பாகம் தூரம் பின்னால் தள்ளி ஏற்றினோம். கவிழ்த்தேன், குழாயை ஊதினேன், மூடினேன். என்ஜின் பிடித்தது.

பரந்தனில் கடைசிப் பெட்டியை ஏற்றும்போதே ரயில் நகரத் தொடங்கிவிட்டது. சம்மாட்டியின் வெள்ளைச் சட்டை முழுதும் கிறீஸ். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பயம்.

“அண்ணை, நாளைக்கு...” என்று இழுத்தேன்.

“நாளைக்கு நேரத்தோட வாரும்,” என்றார். “கோயிலைக் கண்டால் ரோட்டில நிண்டு கும்பிடும். அவருக்குக் கண் தெரியும்.”